பன்னிரண்டாம் வார்மர் சொர்ணவல்லி

தேங்காய் எண்ணெயில் தொட்ட பஞ்சைக் குழந்தையின் கன்னத்தில் இருக்கும் டேப்பின்மேல் வைத்துவிட்டு சொர்ணவல்லி அக்கா காத்திருக்கிறார். வாய்க்குள் போகும் குழாய் நழுவாமல் இருக்க நாங்கள் ஒட்டிய டேப் அது. எண்ணெய் ஊறி ஓரம் லேசாகக் கிளம்பியதும் நகம் படாமல் பஞ்சாலேயே ஒரு நூல் அளவு தள்ளுவார். மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. "கொஞ்சம் பொறுத்துக்கங்க, இந்தா முடிஞ்சிருச்சு" என்று குழந்தையிடம் சொல்வார். இரண்டு பக்க டேப்பையும் எடுத்து முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். இதே வேலையை நான் இரண்டு நொடியில் முடிப்பேன். குழந்தை ஒரு தடவை வீறிடும், அவ்வளவுதான்.

அக்கா எடுக்கும் டேப்பை மறுபடி ஒட்டப்போவதில்லை. அந்தக் குழந்தைக்கு இனிமேல் குழாயும் கிடையாது, ஊசியும் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவு எங்களுடையது. வார்மர் என்று நாங்கள் சொல்வது, மேலிருந்து சூடு இறங்கும் சின்னக் கட்டிலை. மொத்தம் பன்னிரண்டு. மற்றப் பதினொன்றிலும் இருப்பவர்கள் தேறி வீட்டுக்குப் போகிறவர்கள், அல்லது போகவைத்தே தீருவோம் என்று நாங்கள் மல்லுக்கு நிற்கிறவர்கள். ஜன்னலோரம் தனியாகக் கிடக்கும் பன்னிரண்டாவது மட்டும் வேறு. இனி வைத்தியத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிவிட்ட குழந்தை அங்கே வரும். வலி இல்லாமல், குளிர் இல்லாமல், அம்மா மடியில் இருந்து கிளம்ப வைப்பதுதான் அங்கே வேலை.

"பன்னெண்டுக்கு மாத்தியாச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும். இன்னொருவர் சொர்ணவல்லி அக்காவைத் தேடுவார். அவர் ஸ்டோர் ரூமில் என்ன வேலையாக இருந்தாலும் அதை வேறொருத்தி வாங்கிக்கொள்வாள். அவருக்கு லீவு என்றால் போன் போகும். ஆலங்குடியில் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பார். இதை மேலிடத்தில் யாரும் உத்தரவாகப் போடவில்லை. நான்கு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

டூட்டி லிஸ்ட் எழுதுகிறவள் நான். பெயர் புவனேஸ்வரி, சொந்த ஊர் பொன்னமராவதி. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. உனக்குத் தெரிந்த ஒரு சாதாரண மனிதரைப் பற்றி எழுது என்று ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டபோது, சொர்ணவல்லி அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, நான்கு வருடப் பொறாமை. அதை இங்கேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதுவது சுலபம்.

ஆளைப் பார்த்தால் பொறாமைப்பட ஒன்றும் கிடையாது. நாற்பத்தாறு வயது, குள்ளம், கறுப்பு. கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கும். வீட்டுக்காரர் பிச்சை, கடலையும் கொஞ்சம் தென்னையும் வைத்து விவசாயம் பார்க்கிறார். ஒரே பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ரசம் சாதம், அதற்குத் தொட்டுக்கொள்ள வறுத்த கடலை. ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். நாங்கள் உட்கார்ந்து பேசும் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். எதைக் கேட்டாலும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார். சம்பள கமிஷன் பற்றிப் பேசினாலும் அதே பதில்தான்.

பன்னிரண்டாவதில் நின்றால் மட்டும் வேறு ஆள். முதலில் மானிட்டரின் சத்தத்தை நிறுத்தித் திரையைச் சுவர் பக்கம் திருப்பிவிடுவார். "இது யாரு பாக்குறதுக்கு? நம்ம புள்ளையப் பாப்போம்" என்பார். பிறகு குழந்தையோடு பேச்சு. எல்லாம் வாங்க போங்கதான். "கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா? கை இடிக்குது பாருங்க." பெற்ற மகனை ஏலே என்று கூப்பிடுகிறவர், ஒன்றே கால் கிலோ இருக்கும் ஆளுக்கு இத்தனை மரியாதை கொடுப்பது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். யோசித்துச் சொன்னார். "வந்ததும் கெளம்புறவுக. வா போன்னு சொல்ற அளவுக்கு இன்னும் பழகலயே, புவனா."

ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்பவர் ராக்கன். அக்கா அவரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினால் அன்றைக்குப் பன்னிரண்டில் ஆள் உண்டு. பூ அவர் தலைக்கு அல்ல, குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவுக்கு. குழந்தை போன செய்தி மாருக்குத் தெரியாது. பால் ஊறும், கட்டிக்கொண்டு கல்லாகும், காய்ச்சல் அடிக்கும். மல்லிகையை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். டாக்டர் எழுதும் மாத்திரையையும் கொடுத்துவிட்டு, பூவை எப்படிப் பரப்பிக் கட்டுவது, வாடினால் எப்போது மாற்றுவது என்று அந்தப் பெண்ணின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொடுப்பார். பதினான்கு வருடமாக நானும் அதே வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். அதே ராக்கனிடம் தினமும் பூ வாங்குகிறேன், என் கொண்டைக்கு. எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கலைமதி என்று ஒரு பெண், அறந்தாங்கிக்காரி. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். எழுநூற்று எண்பது கிராமில் பெண் குழந்தை பெற்றாள். எழுபத்திரண்டு நாள் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூச்சு நின்றால் பாதத்தைச் சுண்டி மூச்சை வரவழைப்பேன். ஒவ்வொரு பத்து கிராமுக்கும் நேர்த்திக்கடன் வைத்தவள் மாதிரி காத்திருப்பேன். கடைசியில் ஒன்றே முக்கால் கிலோவில் பட்டுச் சட்டை போட்டு டிஸ்சார்ஜ். கலைமதி லட்டு டப்பாவோடு வந்தாள். எனக்கு இரண்டு லட்டு கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அங்குமிங்கும் பார்த்து, "சொர்ணவல்லி அக்கா இல்லைங்களா? அவங்களப் பாக்காமப் போனா எனக்கு மனசே ஆறாது" என்றாள். அவள் குழந்தையை அக்கா ஒருநாள்கூடத் தொட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் குழந்தை பன்னிரண்டுக்குப் போனபோது அக்கா அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த லட்டு எனக்கு அன்றைக்கு இறங்கவில்லை.

பிழைத்த குழந்தையின் அம்மாக்கள் எங்களை மறந்துவிடுவார்கள். அது நியாயம்தான். ஆஸ்பத்திரி நாட்களை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் பறிகொடுத்தவர்கள் அக்காவைத் தேடி வருவார்கள். ஒரு வருடம் கழித்து, இரண்டு வருடம் கழித்து, வெள்ளரிப் பிஞ்சோ பலாச்சுளையோ கட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்காருவார். பெரிதாக ஒன்றும் பேச்சு நடக்காது. கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னைத் தேடி ஒருத்தி இப்படி வரமாட்டாளா என்று இருக்கும்.

இப்படி வந்தவர்களில் திருமயம் பக்கத்துப் பெண் ஒருத்தி. முதல் குழந்தை பன்னிரண்டாவதில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தபோது போனது. அடுத்த குழந்தையை நல்லபடியாகப் பெற்று, மூன்று மாதத்தில் தூக்கிக்கொண்டு காட்ட வந்திருந்தாள். அக்கா ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார். அந்தப் பெண் அழுதாள், அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு தடவ தூக்கிக் குடுங்க சிஸ்டர். ஒங்களுக்குக் கைராசின்னு எல்லாரும் சொல்றாக" என்றாள். நீட்டிய கையை அக்கா மடக்கிக் கோட்டைச் சரிசெய்துகொண்டார். நான் குழந்தையை வாங்கிக் கொஞ்சினேன், வேண்டியதைவிடச் சத்தமாகவே கொஞ்சினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கைராசிக் கதையையும் சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு முதலில் குழாய் வழியாகத்தான் பால். உறிஞ்சவும் விழுங்கவும் பழகிவிட்டது என்று தெரிந்ததும் டாக்டர் பாலாடையில், அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுக்கச் சொல்வார். அந்த முதல் பாலாடையை யார் கொடுப்பது என்பதில் எங்கள் அம்மாக்கள் மிகவும் கறார். புவனா சிஸ்டர் கொடுத்தால் குழந்தை தங்கும் என்று எவளோ ஒருத்தி எப்போதோ கிளப்பிவிட்டாள். அது கட்டிலுக்குக் கட்டில் பரவி எனக்கு ஒரு மவுசு வந்தது. அது வந்த அதே வழியில் அக்காவுக்கு ஒரு பெயர் வந்தது. அவர் மற்ற வார்மர்கள் பக்கமாக நடந்தால் அம்மாக்கள் துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடுவார்கள்.

பாலாடை வரைக்கும் தேறி வந்த குழந்தை யார் கொடுத்தாலும் பிழைக்கும். பன்னிரண்டுக்குப் போன குழந்தை யார் தொட்டாலும் போகும். இது நர்ஸிங் படித்த எங்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனாலும் எங்களில் ஒருத்திகூட அந்த அம்மாக்களிடம் வாய் திறந்து சொன்னதில்லை. என்னைப் பொறுத்தவரை சொல்ல மனமில்லை என்பதே சரி. அக்காவும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாளிலிருந்து அவர் வார்டு நடுவே போவதை நிறுத்திவிட்டு, ஸ்டோர் ரூம் சந்து வழியாக மூன்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு சுற்றிப்போய்ப் பன்னிரண்டை அடைய ஆரம்பித்தார்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பாட்டு அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "என்னைய ஒரு மாசம் அங்கிட்டுப் போடுறியா புவனா? பால் குடிக்கிற புள்ளைக இருக்குற பக்கம்."

ஏன் அக்கா, என்ன ஆச்சு என்றேன். பஸ்ஸில் யாராவது மடியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் தன்னால் உட்கார முடியவில்லை என்றார். அந்தக் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறாராம். தாங்காமல் முந்தின ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறாராம். அழுகிற குழந்தை என்றால் பரவாயில்லை, தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். வீட்டில் இருபது வயதுப் பையன் மதியம் அசந்து தூங்கினால் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாராம். அவன் எழுந்து சத்தம் போடுகிறானாம். இதையெல்லாம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொன்னார். பிறகு குழாயை மூடிவிட்டு, "ஒரே ஒரு புள்ள, புவனா. நான் குடுத்தத குடிச்சுப்புட்டு வீட்டுக்குப் போகணும். அதப் பாத்துட்டேன்னா போதும், மறுபடி அங்கிட்டே போயிர்றேன்" என்றார்.

பார்க்கிறேன் அக்கா என்றேன். பார்க்கவில்லை. பிப்ரவரி லிஸ்ட் எழுதினேன், மார்ச் லிஸ்ட் எழுதினேன், ஏப்ரல் லிஸ்ட் எழுதினேன், மூன்றிலும் பன்னிரண்டுக்கு நேரே அழகான கையெழுத்தில் சொர்ணவல்லி. கேட்கிறவர்களிடம், அந்த வேலை வேறு யாருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. துக்கப்பட்டவர்கள் எல்லோரும் அவர் பக்கம். எனக்கு இருப்பது இந்தக் கைராசி ஒன்றுதான். அவர் இந்தப் பக்கம் வந்து, அவர் பாலாடையில் கொடுத்த குழந்தையும் நன்றாகத் தேறி வீட்டுக்குப் போய்விட்டால், என் கை எல்லோர் கையும் போல ஒரு கை ஆகிவிடும். அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? இதை யோசித்து யோசித்துத்தான் லிஸ்ட் எழுதினேன்.

சித்திரையில் கடலை பிடுங்க வேண்டும் என்று அக்கா திங்கள் முதல் மூன்று நாள் லீவு போட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இலக்கியா என்ற பெண்ணின் குழந்தையைப் பன்னிரண்டுக்கு மாற்றினார்கள். இருதயத்தில் ஒரு பாதி வளரவே இல்லை. சென்னை வரைக்கும் கேட்டாயிற்று. டாக்டர் இலக்கியாவையும் அவள் வீட்டுக்காரர் செம்மலையும் உட்கார வைத்து நிதானமாக எடுத்துச் சொல்லிவிட்டார். எங்கள் சின்ன நர்ஸ் ஷர்லி வழக்கம் போல அக்காவுக்குப் போன் போடப் போனாள். வேண்டாம், பாவம், வயலில் இருப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அக்கா மேல் இரக்கப்பட்டு நான் அதைச் சொல்லவில்லை. ஒருத்தியாவது என்னை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், ஒரு வருடம் கழித்து வராந்தாவில் வந்து புவனா சிஸ்டர் எங்கே என்று கேட்க வேண்டும். அந்த ஆசை.

எண்ணெயும் பஞ்சும் எடுத்துப் போய் அக்கா செய்வது போலவே ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடத்தில் பொறுமை போய் டேப்பை இழுத்துவிட்டேன். கன்னம் சிவந்தது. அழுவதற்குக்கூட அந்தக் குழந்தைக்குத் தெம்பில்லை, வாய் மட்டும் கோணியது. மானிட்டரின் சத்தத்தை நிறுத்தினேன், திரையைத் திருப்ப மனம் வரவில்லை. என் கண் அதில் ஓடும் இதயத் துடிப்பு எண்ணிலேயே இருந்தது. இலக்கியா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்க, பயப்படாதம்மா, இப்போது எண்பது இருக்கிறது, இப்போது எழுபது இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு எனக்கு. அவள் தலை நிமிராமல் சொன்னாள். "சிஸ்டர், கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?"

மூன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. நான் வெளியே ஓடி ராக்கனிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். ஏதும் கேட்காமல் அளந்து கொடுக்கிறவர், அக்கா வரலையா என்று கேட்டார். பூவை இலையோடு கொண்டுபோய் இலக்கியா கையில் வைத்தேன். எதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை, இத்தனை பேர் நிற்கிறார்களே என்று இருந்தது. அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்பப் போயி பூ வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். செம்மல் அந்தப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு குழந்தையை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். இலக்கியா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரையையும் பூவின் விவரத்தையும் ஷர்லிதான் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒருத்தி தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரே ஒரு குழந்தை, ஆறு மணி நேரம்கூட முழுதாக இல்லை, அதற்கே எனக்கு இந்தப் பாடு. நான்கு வருடத்தில் எத்தனை என்பது ரெஜிஸ்டரில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை அக்கா வந்தபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் ராக்கன் சொல்லியிருக்கிறார். உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவரும்தான். வெயிலில் இன்னும் கறுத்திருந்தார், நகக்கண்ணில் செம்மண். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். நீங்கள் லீவில் இருந்தீர்களே என்றேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஒனக்கு அங்கிட்டுப் பதினோரு புள்ள இருக்கு. எனக்குன்னு இருக்கறது இந்த ஒண்ணு. இதையும் நீயே எடுத்துக்கணுமா புவனா?"

அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. நான்கு வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன். அவருக்கு என்மேல் பொறாமை இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, பெண்ணா பையனா என்று கேட்டார். பெண் என்றேன். டேப்பை எண்ணெய் போட்டுத்தானே எடுத்தாய் என்றார். ஆமாம் அக்கா என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அவரைப் பார்த்து நிற்க முடியவில்லை. வெளியே வந்து, மாட்டியிருந்த லிஸ்டைக் கழற்றி, பன்னிரண்டில் இருந்த பெயரை அடித்துவிட்டு நாலாவதுக்கு நேரே சொர்ணவல்லி என்று எழுதினேன்.

நாலாவது வார்மரில் இருந்தது இனியா என்ற பெண்ணின் குழந்தை. ஆண் பிள்ளை, ஒன்றரைக் கிலோ. வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்து, பதினைந்து நாள் அங்கே குழாயில் பால் குடித்துவிட்டுத் திங்கள்கிழமைதான் எங்களிடம் வந்திருந்தது. அன்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பாலாடையில் ஆரம்பிக்கச் சொன்னார். லிஸ்டில் அக்கா பெயரை எழுதியவளே நான்தான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கையைக் கழுவி, பாலை ஊற்றிக்கொண்டு நானே போய் நின்றேன்.

இனியா எழுந்து குழந்தைக்கும் எனக்கும் நடுவே கையை வைத்தாள். வேறு சிஸ்டர் யாராவது கொடுக்கட்டும் என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். முந்தாநாள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே, தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். பதினான்கு வருடத்தில் சேர்த்த கைராசி ஒரே பகலில் போய்விட்டது. ஷர்லி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துகொண்டு சொர்ணவல்லி அக்கா வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்தார். இனியா இதுவரை அவரைப் பார்த்ததே இல்லை. "இந்த அக்கா குடுக்கட்டுங்க" என்று அவரைக் காட்டினாள்.

அம்மா, பன்னெண்டே இவங்கதான், என்று சொல்லிவிட எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நிமிடத்திலும் வந்தது, மறைப்பானேன். விழுங்கிவிட்டேன். அக்கா, லிஸ்ட் பாருங்கள், இன்றிலிருந்து நாலு உங்களுடையது என்று சொல்லிப் பாலாடையை நீட்டினேன்.

அக்கா வந்தார். வார்டின் நடுவே, கட்டில்களுக்கு இடையில் நடந்து வந்தார். வார்மர் மேல் குனிந்து குழந்தையைப் பார்த்தார். அது நாக்கை நீட்டி உதட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அக்காவின் வலது கை பாலாடையை நோக்கிப் பாதி தூரம் எழுந்தது. அப்படியே நின்றது. பிறகு இறங்கிக் கோட்டுப் பைக்குள் போனது. இடது கையும் மற்றப் பைக்குள் போனது.

"வேணாம் புவனா," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "இந்தப் புள்ளையாவது வீட்டுக்குப் போகட்டும்."

பாலாடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் கையையும் வேண்டாம் என்றாயிற்று. இனியாவைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச்சொல்லி, நீயே கொடும்மா என்று அவளிடம் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா நகரவில்லை. தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார், பாலாடையின் மூக்கைக் கடைவாய் ஓரமாக வைக்கச் சொன்னார், அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாகச் சாய்க்கச் சொன்னார். எல்லாம் வாய்ச் சொல்லாகவே, பையிலிருந்து கையை எடுக்காமல்.

முதல் சொட்டு உதட்டில் பட்டதும் குழந்தை வாயைத் திறந்தது. கூடவே அக்காவின் வாயும் திறந்தது. அது விழுங்கியபோது இவரும் விழுங்கினார்.